பட்டாளத்தாரின் ஓய்வூதியமும் அவர் மனைவியின் குடும்ப ஓய்வூதியமும்: உதவ முன்வருவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. 1965, 1971 போர்களில் நின்றவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருக்கிறார்கள். மறைந்தவர்களின் மனைவியர் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ காலம் கழிக்கிறார்கள். அவர்களுக்கு உரிய பணம் இப்போது கணினி வழியே கணக்கு பார்க்கப்பட்டு வங்கிக்கு வருகிறது. அது சரியாக வருகிறதா என்று பார்க்கக்கூடக் கைப்பேசியும் கடவுச்சொல்லும் வேண்டியிருப்பதால், நடுவில் ஓர் ஆள் தேவைப்படுகிறார்: ஒரு பேரன், ஒரு மருமகள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அல்லது அதே தெருவில் இருக்கும் வயதில் இளைய இன்னொரு முன்னாள் படைவீரர். அந்த ஆளுக்காகவே இது எழுதப்படுகிறது.

இப்படிப்பட்ட தாள்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவற்றில், உரிமையே இல்லாமல் ஓய்வூதியம் மறுக்கப்பட்டவை குறைவு. உரிமை இருந்தும், படையின் தாளில் உள்ள பெயரும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளின் பெயரும் ஒன்றாக இல்லாமல் நின்றுபோனவையே அதிகம். ஆகவே கீழே வரும் படிகளில் மூன்றாவது படிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உதவுகிறவரும் அதற்கே அதிக நாள் ஒதுக்க வேண்டியிருக்கும்.

முதல் படி: எந்த வகை ஓய்வூதியம் என்று கண்டறிதல்

உதவி கேட்டு வருபவர் "பென்ஷன் சரியா வரலை" என்று மட்டுமே சொல்வார். அது நாலைந்து வெவ்வேறு சிக்கல்களுக்குப் பொதுப் பெயர். எனவே விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன், படையில் சேர்ந்த ஆண்டு, வெளிவந்த ஆண்டு, வெளிவந்த காரணம், கடைசியாக வகித்த பதவி ஆகிய நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலானவர்களுக்குப் பணி ஓய்வூதியம் பெற 15 ஆண்டு தகுதிப் பணி வேண்டும். அதிகாரிகளுக்கு 20 ஆண்டு. அதற்குக் குறைவாகப் பணியாற்றி விருப்பத்தின்பேரில் வெளிவந்தவருக்கு ஒருமுறைப் பணிக்கொடை கிடைத்திருக்குமே தவிர மாத ஓய்வூதியம் இராது. ஆனால் "எட்டு வருஷம்தான் சர்வீஸ், அதனால பென்ஷன் இல்லை" என்று அவரே சொன்னாலும் உடனே ஏற்றுக்கொண்டுவிடக் கூடாது. அந்தக் காலத்தில் சேர்ந்தவர்களில் சிலர் சில ஆண்டுகள் பணியில் இருந்த பின், தேவைப்பட்டால் திரும்ப அழைக்கும்படி ரிசர்வில் வைக்கப்பட்டார்கள். பணிக்காலமும் ரிசர்வ் காலமும் சேர்ந்து 15 ஆண்டு நிறைந்திருந்தால் ரிசர்விஸ்ட் ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. பணியில் ஏற்பட்ட காயத்தாலோ நோயாலோ வெளியேற்றப்பட்டவராக இருந்தால் அது உடற்குறை ஓய்வூதியத்தின் பக்கம் போகிறது. அங்கே மருத்துவக் குழு குறித்த விழுக்காடும், அந்த நோய் படைப் பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்று அக்குழு ஒப்புக்கொண்டதா என்பதும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

மனைவிக்கு உரியது மூன்று வகை. கணவர் ஓய்வுபெற்ற பின் இயல்பாக இறந்திருந்தால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். இது கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 விழுக்காடு, எப்படியும் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாது, அகவிலை நிவாரணம் தனி. கணவர் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளிலேயே இறந்துவிட்டால், முதல் 7 ஆண்டுகளுக்கோ அவர் உயிரோடிருந்து 67 வயதை எட்டியிருக்கக்கூடிய நாள் வரைக்கோ, எது முந்தியதோ அதுவரை, 50 விழுக்காடாக உயர்த்தித் தரப்படும். பணியிலிருக்கும்போது, பணியோடு தொடர்புள்ள காரணத்தால் இறந்திருந்தால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், அதாவது 60 விழுக்காடு. போரிலோ தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலோ இறந்திருந்தால் தாராளக் குடும்ப ஓய்வூதியம். அது கடைசி ஊதியத்துக்குச் சமம். பணியில் இறந்த ஒருவரின் மனைவி பல்லாண்டுகளாகச் சாதாரண வகையையே பெற்றுவருகிறார் என்றால், இறப்புக்கான காரணமாக அன்று என்ன எழுதப்பட்டது என்று கேட்டு வாங்கிப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

இரண்டு செய்திகள் வீடுகளில் தவறாகவே உலவுகின்றன. கணவர் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைக் கம்யூட் செய்து முன்பணமாக வாங்கியிருந்தார் என்பதற்காக மனைவியின் குடும்ப ஓய்வூதியம் குறைக்கப்படுவதில்லை. அடுத்து, படையிலிருந்து வந்தபின் கணவர் வேறோர் அரசுப் பணியில் சேர்ந்து அங்கும் ஓய்வூதியம் ஈட்டியிருந்தால், முன்பெல்லாம் மனைவி ஏதேனும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2012 செப்டம்பர் 24 முதல் படைத்துறைக் குடும்ப ஓய்வூதியத்தையும் சிவில் பணிக் குடும்ப ஓய்வூதியத்தையும் சேர்த்தே பெறலாம். அந்த நாளுக்கு முன்பே கணவர் இறந்திருந்தாலும் இது பொருந்தும், பணப் பயன் மட்டும் அந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். அரசுப் பணிப் பென்ஷனை மட்டும் வாங்கிக்கொண்டு படைப் பென்ஷனை மறந்தேபோன பாட்டிமார் இன்னமும் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: பெட்டியைத் திறத்தல்

பழைய பட்டாளத்துக்காரர் வீட்டில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைச் சாயத்தில் எண்ணும் பெயரும் எழுதியிருக்கும். நமக்கு முதலில் வேண்டியது அந்த எண்தான். படை எண் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தேடிப் பிடிக்கலாம். அது இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் ஓர் அடியும் நகர முடியாது.

பெட்டிக்குள் தேட வேண்டியவை: படையிலிருந்து வெளிவரும்போது தந்த டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ. மற்றும் அதன் பின் வந்த திருத்த ஆணைகள் எல்லாம், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, பழைய வங்கிப் புத்தகங்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் எழுதிய பக்கத்தைத் தனியாகப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். சில புத்தகங்களில் மனைவியின் பெயருக்கு எதிரே பிறந்த தேதி இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாகவே கிடக்கும். அதைக் கண்டால் மூன்றாம் படி காத்திருக்கிறது என்று பொருள்.

பெட்டியே இல்லை, வெள்ளத்திலோ பாகப்பிரிவினையிலோ போய்விட்டது என்றால் பதக்கங்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு மூதாட்டி, வெற்றிலைப் பெட்டியின் அடியிலிருந்து துணியில் முடிந்திருந்த ஒரு பதக்கத்தை எடுத்து, "இதுதான் மிச்சம்" என்று கொடுத்தார். புளி தேய்த்துக் கழுவி வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது விளிம்பைச் சுற்றி எண்ணும் பதவியும் பெயரும் பொறித்திருந்தன. அந்த எண்ணை வைத்தே, படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் எழுதினோம். எந்தப் பதக்கத்தையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள் என்று நான் எல்லா வீட்டிலும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ரெக்கார்ட் ஆபீஸ் என்பது ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி. மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியின் வெலிங்டனிலும், மதராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூருவிலும், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோட்டிலும், சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூரிலும், மின், இயந்திரப் பொறியாளர்களின் ஈ.எம்.ஈ. பிரிவுக்குச் செகந்திராபாத்திலும், டி.எஸ்.சி. என்னும் பாதுகாப்புக் காவல் படைக்குக் கண்ணூரிலும் இருக்கின்றன. கடற்படையினர் மும்பைக்கும் வான்படையினர் புது தில்லிக்கும் எழுத வேண்டும். கடிதத்தில் படை எண், பதவி, பெயர், சேர்ந்த நாள், வெளிவந்த நாள், கேட்பது என்ன என்ற ஆறும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். குடும்பத்தின் துன்பத்தை விவரிக்கும் பத்திகள் அங்கே உதவுவதில்லை என்பதைச் சற்று வருத்தத்தோடுதான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் படி: பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்குதல்

தமிழர் பெயர் வைக்கும் முறைக்கும் படையின் பதிவேட்டுக்கும் தொடக்கத்திலிருந்தே ஒத்துவரவில்லை. ஊரில் செ. முருகன், படையில் வெறும் முருகன், ஆதாரில் முருகன் செல்லையா, பான் அட்டையில் செல்லையா முருகன். மனைவி படைத் தாளில் லட்சுமி. வாக்காளர் அட்டையில் லட்சுமியம்மாள். வங்கியில் கணவர் பெயரையும் சேர்த்து எம். லட்சுமி. வீட்டில் கூப்பிடும் பெயரை அந்த நாளில் கணவர் எழுத்தரிடம் சொல்லியிருந்தால், பதிவேட்டில் பாப்பாத்தி என்றும் பள்ளிச் சான்றில் சரஸ்வதி என்றும் இருக்கும்.

எந்தத் தாளை மாற்றுவது என்பதே முதல் கேள்வி, இதில் அவசரப்பட்டுக் கெடுத்தவர்கள் பலர். பி.பி.ஓ.வில் உள்ள பெயர் சரியானது, ஆதாரில் எழுத்துப் பிழை மட்டுமே என்றால் ஆதாரை மாற்றிவிடுவது எளிது. ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்ற இயலும். எனவே மையத்தில் இருப்பவர் சொல்கிறார் என்பதற்காக ஏதேனும் ஒரு தேதியைப் போட்டுவிட்டால் அந்த ஒரே வாய்ப்பும் போய்விடும். பெயரே வேறு என்ற நிலையில் படைப் பதிவேட்டைத்தான் திருத்த வேண்டும். அதற்கு ரெக்கார்ட் ஆபீஸ், பதிவேட்டு மாற்றத்தை அறிவிக்கும் பார்ட் டூ ஆர்டரை வெளியிட்டு, அதன் அடிப்படையில் திருத்த பி.பி.ஓ. வர வேண்டும். வழக்கமாக அவர்கள் கேட்பவை பிரமாணப் பத்திரம், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு, சில நேரங்களில் அரசிதழ் வெளியீடு ஆகியவை. என்னென்ன வேண்டும் என்பதை அந்தந்த ரெக்கார்ட் ஆபீசிடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு செலவு செய்வது நல்லது. நாளிதழ் விளம்பரத்துக்குப் பணம் கட்டிய பின் வாசகம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதை நான் கண்டிருக்கிறேன்.

இந்தத் திருத்தங்களைக் கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அவர் கையெழுத்திட்டு, "இவரே என் மனைவி, இதுவே இவர் பெயர், இதுவே பிறந்த நாள்" என்று கேட்டால் அது ஒரு திருத்தம். அவர் போன பிறகு அதே செய்தியை மனைவி சொன்னால், தான் தானே என்பதை அவர் ஒவ்வொரு அலுவலகத்திலும் மெய்ப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பேச்சை எடுத்தால் பெரியவர் முகம் சுளிப்பார், "நான் போறதுக்கு இப்பவே ஏற்பாடா?" என்பார். கேட்கிறவர் மகனாக இருந்தால் அந்தச் சுளிப்பு இன்னும் கூடும். நான் பெரும்பாலும், "ஐயா, அம்மாவுக்கு எண்பது ஆனா கூடுதலாக் கிடைக்குமே, அதுக்காகத்தான்" என்று தொடங்குவேன். அது பொய்யும் இல்லை.

ஏனென்றால் 80 வயது நிறைந்தவுடன் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகச் சேரும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் 100 விழுக்காடு. குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இதே விகிதம்தான். அடிப்படை 9,000 ரூபாய் என்றால் 80 வயதில் 1,800 கூடி 10,800 ஆகும். அகவிலை நிவாரணமும் அந்தக் கூடிய தொகைக்கே கணக்கிடப்படும். வயது நிறையும் மாதத்தின் முதல் நாளிலிருந்தே இது சேர வேண்டும். ஆனால் மனைவியின் பிறந்த தேதி பதிவேட்டில் இல்லையென்றால் கணினிக்கு அவர் வயது தெரியாது. எண்பத்து மூன்று வயதில் கூன் விழுந்து நடக்கும் ஒருவருக்கு, வயதுக்கான சான்று இல்லை என்று அந்த 20 விழுக்காடு நிற்பது இப்படித்தான்.

பிள்ளைகளில் ஒருவர் மாற்றுத்திறனாளியாகவும் சொந்தமாகச் சம்பாதிக்க இயலாதவராகவும் இருந்தால், அவருடைய பெயரையும் பெற்றோர் இருக்கும்போதே அரசு மருத்துவக் குழுவின் சான்றோடு பதிவு செய்துவிட வேண்டும். பெற்றோர் இருவரும் போன பின் அவருக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. மணமாகாத, கணவரை இழந்த, மணவிலக்குப் பெற்ற மகள்களுக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு உரிமை உண்டு.

நான்காம் படி: ஸ்பர்ஷ் கணக்கைச் சரிபார்த்தல்

முன்பு வங்கிகளும் பாதுகாப்பு ஓய்வூதிய அலுவலகங்களும் பணம் வழங்கிவந்தன. இப்போது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் ஸ்பர்ஷ் என்னும் கணினி முறை வழியே நேராக வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. வங்கி இப்போது பணம் வந்து சேரும் இடம் மட்டுமே. எனவே தொகை குறைந்துவிட்டது என்று வங்கி மேலாளரிடம் சண்டையிட்டுப் பயனில்லை.

ஸ்பர்ஷில் நுழைந்ததும் பெயர், பிறந்த தேதி, மனைவியின் விவரம், ஆதார் எண், கைப்பேசி எண் ஆகியவற்றைப் பார்த்த பின், பலரும் தாண்டிப் போய்விடும் மூன்று கட்டங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும்: பதவி, எக்ஸ் அல்லது ஒய் போன்ற குழு (அவர் செய்த தொழிலைப் பொறுத்த ஊதியப் பிரிவு), தகுதிப் பணிக்காலம். 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, பின்னர் 2019 ஜூலை 1, 2024 ஜூலை 1 ஆகிய நாள்களை வைத்துத் திருத்தப்பட்ட 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' அட்டவணைகள் இந்த மூன்றையும் கொண்டே தொகையைச் சொல்கின்றன. பணிக்காலம் அரை ஆண்டு மாறினாலும் அட்டவணையில் வேறு வரிக்குப் போய்விடும். சிப்பாயை விட உயர்ந்த நாயக் பதவியில் வெளிவந்தவர் சிப்பாய் என்று ஏறியிருந்தால் மாதாமாதம் இழப்பு. டிஸ்சார்ஜ் புக்கைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒருவர் படிக்க மற்றவர் திரையில் பார்க்க, இருவராகச் செய்தால் பிழை கண்ணுக்குத் தப்பாது.

கைப்பேசி எண் யாருடையது என்பதும் முக்கியம். வேலைக்காக வெளியூர் போய்விட்ட பேரனின் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஓ.டி.பி. வரும் ஒவ்வொரு முறையும் அவனைத் தேடும் வீடுகள் உண்டு. சாதாரண பட்டன் கைப்பேசி ஒன்று பெரியவர் பெயரிலேயே இருந்தால் போதும். "ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறேன், உயிர்வாழ் சான்றைப் புதுப்பிக்க ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று வரும் அழைப்பு எதுவாக இருந்தாலும் அது மோசடி என்பதை அந்தக் கைப்பேசியின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

ஐந்தாம் படி: ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று

பொதுவாக நவம்பர் மாதத்தில் இதைக் கொடுக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அவரவருக்குக் கெடு எப்போது முடிகிறது என்பதை ஸ்பர்ஷ் கணக்கில் பார்த்து, வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள். 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் முறையில் விரல்ரேகை, கருவிழி, முகம் ஆகிய மூன்றில் எதைக் கொண்டும் சான்று எடுக்கலாம். ஏர் பிடித்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்த விரல்களைக் கருவி ஏற்காது. பத்து விரலையும் மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லி அவர்களை நோகச் செய்வதை விட முக அடையாளத்துக்குப் போய்விடலாம்.

அதற்கு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முக அடையாளச் செயலியும் வேண்டும். பாட்டியைத் திண்ணையில், வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைக்க வேண்டும். பின்னால் வெயில் இருந்தால் முகம் கறுத்துவிடும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள், முக்காடு போட்டிருந்தால் சற்று விலக்கச் சொல்லுங்கள். திரையில் வட்டம் தோன்றியதும் கண் சிமிட்ட வேண்டும். இங்கேதான் தடுமாற்றம்: "சிமிட்டுங்க பாட்டி" என்றதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே இருப்பார், அல்லது சிரித்துவிடுவார். படம் எடுக்கும் முன் இரண்டு முறை ஒத்திகை பார்த்துக்கொண்டால் வேலை ஒரு நிமிடத்தில் முடியும்.

செயலியில் நிரப்பும்போது மூன்று இடங்களில் பிழை நேர்கிறது. முதலாவது, பணம் வழங்கும் அமைப்பு என்ற கட்டத்தில் பழைய வழக்கப்படி வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுவது. ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் அங்கே 'ஸ்பர்ஷ் பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் அலகாபாத்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும், ஊரின் பெயர் மாறியிருந்தாலும் பட்டியலில் பழைய பெயரைத் தேடுங்கள். இரண்டாவது, பி.பி.ஓ. எண்ணில் பழையதையும் ஸ்பர்ஷ் கொடுத்த புதியதையும் குழப்பிக்கொள்வது. மூன்றாவது, மறுமணம் செய்துகொண்டீரா, மீண்டும் பணியில் சேர்ந்தீரா என்ற கேள்விகளுக்கு அவசரத்தில் 'ஆம்' என்று தொட்டுவிடுவது. எண்பது வயது மூதாட்டி மறுமணம் செய்துகொண்டதாகக் கணினியில் பதிவாகி, அவர் ஓய்வூதியத்தை மீட்க அலைய நேர்ந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சான்று உருவானதாகக் குறுஞ்செய்தி வருவதோடு வேலை முடிந்துவிடாது. ஒரு வாரம் கழித்து ஸ்பர்ஷ் கணக்கில் அது ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நடமாட முடியாதவர்களுக்கு அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியின் ஊழியர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார். தபால்காரரிடம் சொல்லி வைத்தால் போதும். பொது சேவை மையங்களிலும் எடுக்கலாம், ஆனால் அவை மாநில அரசின் இ-சேவை மையங்களிலிருந்து வேறானவை. பெயர்ப் பலகையைப் பார்த்துப் போங்கள்.

ஆறாம் படி: கணவர் இறந்த பின் செய்ய வேண்டியவை

இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்யுங்கள். படிவத்தில் பெயரை எழுதும் முன் பி.பி.ஓ.வை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துகளின்படியே எழுதச் சொல்லுங்கள். துக்க வீட்டில் யாரோ ஓர் உறவினர் போய் ஊர் வழக்கில் பெயரைச் சொல்லிவிட்டு வர, பிறகு இறப்புச் சான்றே இன்னொரு திருத்த வேலையாகிவிடுகிறது.

அதே வாரத்தில் ஸ்பர்ஷ் தளத்தில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். தாங்களே செய்ய இயலாதவர்கள் அருகிலுள்ள ஸ்பர்ஷ் சேவை மையத்துக்கோ மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ போகலாம். இறந்த நாள் வரைக்குமான ஓய்வூதியமே குடும்பத்துக்கு உரியது. அதற்குப் பின் வந்து விழும் பணத்தை ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு எடுத்துச் செலவழித்துவிட்டால், பின்னாளில் மனைவியின் குடும்ப ஓய்வூதியத்தில் அது பிடிக்கப்படும். பதினாறாம் நாள் செலவுக்கென்று எடுத்துவிடுகிறார்கள். இதைக் கடுமையாகச் சொல்ல மனம் வராவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மனைவியின் பெயர் கணவரின் பி.பி.ஓ.விலேயே சேர்ந்திருந்தால் புதிதாக உரிமையை நிறுவத் தேவையில்லை. இறப்புச் சான்று, மனைவியின் ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், படம் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் குடும்ப ஓய்வூதியம் தொடங்கும். பெயர் சேர்க்கப்படாத பழைய காலத்து ஆணையாக இருந்தால் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவே போக வேண்டும். கணவரின் உயிர்க்காலத்தில் வர வேண்டியிருந்து வராமல் நின்ற நிலுவைக்குத் தனி விண்ணப்பம் உண்டு. அதற்கு நியமனதாரர் பெயர் இருந்தால் அவருக்கே பணம் போகும், இல்லையென்றால் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும். குடும்ப ஓய்வூதியம் தொடங்கியதும் மாவட்ட நல அலுவலகத்தில் மனைவிக்கெனத் தனி அடையாள அட்டையும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையில் மாற்றமும் செய்துகொள்ள வேண்டும்.

முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாம் திருமணம் நடந்த குடும்பங்களில், இரண்டாமவருக்குப் பெரும்பாலும் சட்டப்படி மனைவி என்ற நிலை இல்லாததால் மனு எழுதி எதையும் சாதிக்க முடியாது. அவருடைய பிள்ளைகளின் உரிமை வேறு. அதற்கு வழக்கறிஞரின் துணை வேண்டும்.

ஏழாம் படி: ஓய்வூதியமே இல்லாதவர்களுக்கு

ஹவில்தார் அல்லது அதற்குக் கீழான பதவியில் வெளிவந்து, எந்த ஓய்வூதியமும் இல்லாமல், 65 வயதைக் கடந்த முன்னாள் படைவீரருக்கும் அப்படிப்பட்டவரின் மனைவிக்கும் மத்திய படைவீரர் வாரியம் வறுமை நிதியுதவி வழங்குகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இந்த உதவி, 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பம் இணைய வழியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பரிந்துரையோடு போக வேண்டும். அந்த அலுவலகத்துக்குப் போகும்போது மாநில அரசின் உதவிகள் என்னென்ன உண்டு என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர்களின் மனைவியருக்கான மாத உதவியும் அங்கேதான். கேட்டால் சொல்வார்கள்; கேட்காமல் வீடு தேடி வந்து யாரும் சொல்வதில்லை.

எட்டாம் படி: மறுக்கப்பட்டால்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. முதலில் ஸ்பர்ஷிலேயே குறை பதிவு செய்து, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, பதில் வராவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் அந்த எண்ணைக் காட்டி எழுத வேண்டும். பாதுகாப்பு ஓய்வூதிய அதாலத் என்னும் குறைதீர் முகாம் மாவட்டத்துக்கு வரும்போது மூலத் தாள்களுடன் நேரில் போவது பல மாதக் கடிதப் போக்குவரத்தை விட விரைவாகப் பலன் தருவதைக் கண்டிருக்கிறேன். தாள்களைத் தரவே மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீசிடம் கேட்கலாம்.

இவற்றில் எதுவும் பயனளிக்காதபோது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அதன் சென்னை அமர்வு. "முப்பது வருஷம் ஆயிடுச்சே, இப்ப போய்க் கேட்டா ஒத்துக்குவாங்களா?" என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. தார்செம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் காலதாமதம் உரிமையை அழிக்காது, ஆனால் நிலுவை பொதுவாக வழக்கு தொடுப்பதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கே கிடைக்கும் என்று வகுத்தது. அதாவது இன்று மனு கொடுப்பதற்கும் அடுத்த தைக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விடுவதற்கும் இடைப்பட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாத ஓய்வூதியம் திரும்ப வராமல் போகும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

ஆணை வந்து முதல் மாதப் பணம் விழுந்ததும் ஸ்பர்ஷிலிருந்து அந்த மாதத்துச் சீட்டை எடுத்து, அடிப்படைத் தொகை, வயதுக்கான கூடுதல், அகவிலை நிவாரணம், நிலுவை, பிடித்தம் என்று வரி வரியாகப் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். அந்தச் சீட்டின் மேல் கணவரின் படை எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு படியை அவருடைய தலைமாட்டுப் பெட்டியிலும் மற்றொன்றை அடுத்த ஆண்டு உயிர்வாழ் சான்று எடுக்கப்போகிறவரிடமும் கொடுத்துவிடுங்கள்.